பன்னிரண்டு அமர்வுகள் பாக்கி

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, பல்கலைக்கழக உளசிகிச்சைத் துறையின் மூன்றாம் மாடியில், நான்காம் எண் ஆலோசனை அறையில், ஒரு பேருந்து ஓட்டுநர் குணமானார்.

துறையில் யாரும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை.

ஓட்டுநருக்கு நாற்பத்தேழு வயது. அதற்கு முந்தைய நவம்பரில், அவருடைய இருக்கைக்கு நேர் பின்னால் ஒரு முதியவர் ஏறி உட்கார்ந்தார். இரண்டாவது நிறுத்தம் தாண்டியதும் இறந்துபோனார். கடைசி நிறுத்தத்தில்தான் அது தெரிந்தது. நடுவில் பதினொரு நிறுத்தங்கள். அவ்வளவு தூரமும் ஓட்டுநர் அவரிடம் பேசிக்கொண்டே வந்திருந்தார். சாலை தோண்டுகிறவர்கள் ஏன் மூடுவதில்லை என்பது பேச்சு. குறுக்கே பேசாமல் கேட்கிற பயணி கிடைத்தாரே என்று அன்று அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வினாடிக்கு ஒருமுறை உள்கண்ணாடியைப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஜனவரியில் ஒரு விளக்குக் கம்பத்தில் லேசாக இடித்தார். டிப்போ மேலாளர் ஒரு கடிதம் கொடுத்தார்: ஜூன் முடிவதற்குள் உளசிகிச்சைத் துறையில் முழுச் சிகிச்சை பெற்றதற்கான சான்றிதழும் அறிக்கையும் தர வேண்டும், அதுவரை கண்டக்டரின் கண்காணிப்பில் ஓட்டலாம், தவறினால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

அவரைக் குணப்படுத்தியவர் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி. வயது முப்பத்தெட்டு. அறுவை சிகிச்சை வார்டில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தவர் என்பதால் வகுப்பில் எல்லோருக்கும் நர்ஸ் அக்கா. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பில் இரண்டு டிஸ்க்குகள் நழுவியிருந்தன. இனிமேல் தலையணையைத் தவிர எதையும் தூக்காதே என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். பட்டம் வாங்கினால் அதே மருத்துவமனையில் உட்கார்ந்து பார்க்கிற ஆலோசகர் வேலை. வாங்காவிட்டால் ஜூலை ஒன்றாம் தேதி மறுபடியும் வார்டு. படிப்பு விடுப்பு ஜூன் முப்பதோடு முடிகிறது.

படிப்பில் அவர் சுமார்தான். முதலாண்டின் முக்கியமான செய்முறைத் தேர்வு உம் கொட்டுதல். எதிரில் இருப்பவர் பேசும்போது ஒன்பது வினாடிக்கு ஒருமுறை 'உம்' சொல்ல வேண்டும். ஏழு வினாடி என்றால் அவசரம். பதினொன்று என்றால் அலட்சியம். தலை பதினைந்து டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதில் துறைக்குள் கருத்து வேறுபாடு இருந்ததால், மாணவர்கள் அவரவர் மேற்பார்வையாளர் சாயும் பக்கம் சாய்ந்தார்கள். நர்ஸ் அக்கா இந்தத் தேர்வில் இரண்டு முறை தோற்றார். முதல் முறை, பேசுகிறவர் அழுததும் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார். இரண்டாம் முறை 'அய்யோ' என்று சொல்லிவிட்டார். முதலிடம் வாங்கிய மாணவரை வகுப்பு உம்மணாமூஞ்சி என்று அழைத்தது. அவர் வீட்டிலும் அப்படியே கேட்கப் பழகிவிட்டார் என்றும், மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றும் கேள்வி.

இரண்டாம் ஆண்டில் ஒரே வேலை. ஒரு மாணவருக்கு ஒரு நோயாளி. வாரம் ஒன்றாகப் பதினாறு அமர்வுகள். லாக்புக்கில் பதினாறு கட்டங்கள். பதினாறும் நிரம்பினால் மாணவருக்குப் பட்டம், நோயாளிக்குச் சான்றிதழ். ஒன்று குறைந்தாலும் இருவருக்கும் ஒன்றுமில்லை.

மூன்றாம் அமர்வின் முடிவில் நர்ஸ் அக்கா உம் கொட்ட மறந்து, "அவங்க வீட்டுக்குப் போய் ஒரு தடவை பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஓட்டுநர் போய்ப் பார்த்தார். இறந்தவரின் மனைவி கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, "அவர் எப்பவும் பஸ்ல தூங்கிடுவாருங்க. தூக்கத்துலேயே போயிட்டார். கடைசி வரைக்கும் யாரோ அவர்கூடப் பேசிட்டு வந்தாங்கன்னு கண்டக்டர் சொன்னார். அது நீங்கதானா?" என்று கேட்டார். இருவரும் கொஞ்சநேரம் அழுதார்கள். அந்த வாரம் ஓட்டுநர் எதிலும் இடிக்கவில்லை. நான்காம் அமர்வில் இதைச் சொல்லிவிட்டு, "அவ்வளவுதான் சிஸ்டர். இப்ப நல்லா இருக்கேன். சர்டிபிகேட்ட எங்க வாங்கணும்?" என்றார்.

நர்ஸ் அக்கா லாக்புக்கோடு ஓட்டமும் நடையுமாக மேற்பார்வையாளர் அறைக்குப் போனார். மேற்பார்வையாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தியே பேசாதவர்.

"மேடம், என் கேஸ் சரியாயிட்டார்."

"எத்தனாவது செஷன்?"

"நாலு."

மேற்பார்வையாளர் பேனாவை மூடி வைத்தார். "யாரைக் கேட்டும்மா சரியாக்கினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். அவரே போய் அந்தம்மாவைப் பாத்துட்டு..."

"டீ குடிச்சார்னு எழுதியிருக்கீங்க. டீ எந்த சிகிச்சை முறையில வருது? நாம பதினோரு வகை சொல்லித் தர்றோம். எதுல டீ இருக்கு?"

"இல்லதான் மேடம்."

"அப்ப அது குணம் இல்லம்மா. தப்பிச்சு ஓடுறது. துக்கத்தைச் சந்திக்க பயந்து, நல்லா இருக்கிற மாதிரி ஆயிடுறது. இதுதான் இருக்கிறதுலயே ஆபத்தான நிலைமை. ஏன்னா வெளியில பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது."

துயர அளவுகோலை எடுத்துப் பார்த்தார். அறுபது மதிப்பெண்ணுக்கான வினாத்தாள் அது. முதல் அமர்வில் நாற்பத்தொன்று எடுத்த ஓட்டுநர் இப்போது மூன்று எடுத்திருந்தார். அந்த மூன்றும் 'காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை' என்ற ஒரே கேள்விக்கு வந்தவை.

"பாத்தீங்களா? இங்கதான் மாட்டிக்கிறார்."

"அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மேடம். நாலரைக்கு வண்டி எடுக்கணும்."

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் சொல்றாங்க பாருங்க, அதுக்கும் ஒரு பேர் இருக்கு," என்றார் மேற்பார்வையாளர். பேரை லாக்புக்கில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை கேஸ் கூட்டத்தில் துறைத்தலைவர் இதைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசினார். அவர் இருபத்தாறு வருடம் முன்பு துறையைத் தொடங்கியவர்களில் ஒருவர். கடைசியாக நோயாளி ஒருவரைச் சந்தித்தது எப்போது என்று அவருக்கு நினைவில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

"நண்பர்களே, இந்தத் துறையோட வரலாற்றுல ஒரு நோயாளிகூட பதினாறுக்கு முன்னாடி குணமானது கிடையாது. இது சும்மா வந்த பேர் இல்ல. நாலு செஷன்ல ஒருத்தர் சரியாகலாம்னா பாக்கி பன்னிரண்டு எதுக்குன்னு நாளைக்கு நிர்வாகம் கேக்கும். நாலே செஷன்னா நாலு பேராசிரியர் எதுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் நோயாளிகளோட கதி என்ன?"

கைதட்டினார்கள். நர்ஸ் அக்கா கையைத் தூக்கினார்.

"சார், பதினாறுக்கு அப்புறமும் குணமாகலன்னா?"

"அது அவங்க சொந்த விஷயம்," என்றார் துறைத்தலைவர். உம்மணாமூஞ்சி குறித்துக்கொண்டார்.

அன்று மாலை நர்ஸ் அக்கா டிப்போ வாசலில் ஓட்டுநரைப் பார்த்து நிலைமையைச் சொன்னார். பன்னிரண்டு அமர்வுகள் பாக்கி. வராவிட்டால் சான்றிதழ் கிடையாது.

"அட, வர்றதுல என்ன சிஸ்டர். எனக்கும் பேப்பர் வேணும், உங்களுக்கும் பாஸ் ஆகணும். செவ்வாய்க்கிழமை ஒரு மணிநேரம் உக்காந்து எந்திரிக்கிறது ஒரு வேலையா?" என்றார் ஓட்டுநர். "ஆனா என்னத்தைப் பேசுறது? சீக்கே இல்லையே."

"ஏதாவது பேசுங்கண்ணே. நான் உம் கொட்டுறேன்."

ஐந்தாம் அமர்விலிருந்து மேற்பார்வையாளர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தார். நர்ஸ் அக்காவின் காதில் ஒரு சிறிய கருவி மாட்டப்பட்டது. அதன் வழியாக மேற்பார்வையாளர் சொல்வதை நோயாளியிடம் சொல்ல வேண்டும். இதற்கு நேரடி வழிகாட்டல் என்று பெயர். மாணவர்கள் அதைக் காதுப்பூச்சி என்றார்கள்.

ஐந்தாம் அமர்வில் ஓட்டுநர் நல்லெண்ணத்தோடு ஒரு தலைவலியைக் கொண்டுவந்தார். அது போதவில்லை. ஆறாம் அமர்வில் கனவு கண்டதாகச் சொன்னார். என்ன கனவு என்று கேட்டபோது யோசித்துப் பார்த்து, "பஸ் ஓட்டுற மாதிரி" என்றார். ஏழாம் அமர்வில் சரக்கு தீர்ந்து போய், சின்ன வயதில் ஒரு வருடம் அத்தை வீட்டில் வளர்ந்ததைப் பேச்சுவாக்கில் சொன்னார். காதுப்பூச்சியில் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது.

"கேளுங்க. ஏன் அனுப்பினாங்கன்னு கேளுங்க."

"எதுக்கு அண்ணே அத்தை வீட்டுக்கு அனுப்பினாங்க?"

"தம்பி பிறந்தான். அம்மாவுக்கு முடியல. அத்தைதான் கூட்டிட்டுப் போனாங்க. தங்கமான மனுஷி."

"உங்களை வேண்டாம்னு அனுப்பினாங்கன்னு தோணுச்சான்னு கேளுங்க."

நர்ஸ் அக்கா கேட்டார். ஓட்டுநர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்படி நெனச்சதில்லையே," என்றார். எட்டாம் அமர்வுக்கு வந்தபோது, அதை மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். துயர அளவுகோலில் பதினெட்டு எடுத்தார். எட்டாம் வாரத்துக்குப் பாடத்திட்டம் எதிர்பார்த்த எண்ணும் பதினெட்டுதான். மேற்பார்வையாளர் முதன்முறையாக நர்ஸ் அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தத் தட்டலுக்குப் பிறகுதான் நர்ஸ் அக்காவுக்குப் பயம் வந்தது. நெறிமுறைக் குழுவுக்கு மனு எழுதினார்: நோயாளி நலமாக இருக்கிறார், சிகிச்சையை நிறுத்திச் சான்றிதழ் வழங்க அனுமதி வேண்டும். குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு சட்டப் பேராசிரியர்.

"நல்லா இருக்கேன்னு நோயாளி எழுதிக் கொடுத்திருக்காரா?"

"கொடுத்திருக்கார் சார். கையெழுத்தோட."

"மனநலம் சரியில்லாதவர் போட்ட கையெழுத்து செல்லாதேம்மா."

"சரியாயிட்டேன்னுதானே சார் போட்டிருக்கார்?"

"சரியாயிட்டார்னு துறை சொன்னா கையெழுத்து செல்லும்."

"துறை எப்ப சொல்லும் சார்?"

"பதினாறு முடிஞ்சதும். அதுக்குள்ள நீங்களா நிறுத்தினா, சிகிச்சைக்கு நடுவுல நோயாளியைக் கைவிட்ட குற்றம். நோயாளி நலனுக்காகத்தான் இந்தக் குழுவே இருக்கு. கைவிட விட்டுடுவோமா?"

மனு தள்ளுபடியானது. கைவிட முயன்றதற்காக நர்ஸ் அக்காவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது.

பத்தாம் அமர்வுக்குள் ஓட்டுநர் தம்பியோடு பேச்சை நிறுத்தியிருந்தார். தம்பி என்ன தப்பு செய்தார் என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பேருந்தை ஒழுங்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளருக்கு உறுத்தியது அதுதான்.

"மூலம் அப்படியே இருக்கு. நாம இன்னும் பஸ்ஸுக்குள்ள ஏறவே இல்ல," என்றார். "அடுத்த வாரம் ஏறுறோம்."

ஏப்ரல் இருபத்தொன்பது, பதினொன்றாம் அமர்வு. பாடத்திட்டப்படி 'ஆறுதலைச் சோதித்தல்'. லாக்புக்கின் நூறு மதிப்பெண்ணில் இருபது இந்த ஒரு கட்டத்துக்கு. ஓட்டுநர் இறந்தவரின் மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பதாகவும், அந்தம்மா வீட்டுக் குழாயைச் சரிசெய்து கொடுத்ததாகவும் சொன்னார்.

காதுப்பூச்சி பேசியது. "கேளுங்க. அந்தம்மா உங்க மனசு ஆறட்டும்னு பொய் சொல்லியிருக்கலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

நர்ஸ் அக்கா, "உம்," என்றார்.

"உம் வேண்டாம். கேளுங்க."

நர்ஸ் அக்கா தண்ணீர் குடித்தார். ஓட்டுநர் குழாயில் வாஷர் தேய்ந்திருந்ததை விளக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரியவர் தூக்கத்துல போனாரா, மூச்சு முட்டி டிரைவரைக் கூப்பிட்டுட்டே போனாரா, யாருக்கும் தெரியாது. டிரைவர் பேசிட்டிருந்ததுல அது கேக்காம போயிருக்கலாம். இதை அவரே சொல்லணும். சொல்ல வைங்க. இருபது மார்க்கும்மா. இது இல்லன்னா அடுத்த வருஷம் முதல்லேர்ந்து. உங்க முதுகு தாங்குமா?"

நர்ஸ் அக்கா தலையைப் பதினைந்து டிகிரி சாய்த்தார். மேற்பார்வையாளரின் பக்கம், அதாவது இடப்பக்கம்.

"அண்ணே," என்றார். "அந்தம்மா உங்க மனசு ஆறட்டும்னு பொய் சொல்லியிருக்கலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

அடுத்துவந்த மௌனம் தொண்ணூற்று நான்கு வினாடிகள் நீடித்தது. துறையின் சாதனை அதுவரை அறுபத்தொன்று. ஓட்டுநர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கூப்பிட்டிருப்பாரோ?" என்றார்.

நர்ஸ் அக்கா சரியாக ஒன்பதாவது வினாடியில் 'உம்' என்றார்.

இருபதுக்கு இருபது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் அந்த வீட்டுக்குப் போனார், உள்ளே போகவில்லை. வாசலில் நின்று, "நெஜமா தூக்கத்துலதான் போனாராம்மா?" என்று கேட்டார். அந்தம்மா, "நான் பக்கத்துல இல்லையேப்பா," என்றார்.

பன்னிரண்டாம் அமர்வில் அளவுகோல் முப்பத்தாறு காட்டியது. பதிமூன்றில் நாற்பத்து நான்கு. கண்ணாடி பார்ப்பது திரும்பிவிட்டது. பதினான்காம் வாரத்தில் கண்ணாடியும் போதவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ஜினை அணைத்துவிட்டு எழுந்துவந்து, தூங்குகிற பயணிகளைத் தோளைத் தட்டி எழுப்பினார். எழுந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். எழக் கொஞ்சம் தாமதித்த ஒரு பெண்ணின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். அந்தப் பெண் போட்ட கூச்சலுக்கு டிப்போவில் விளக்கம் கேட்டார்கள். வண்டியை விட்டு இறக்கினார்கள்; ஜூனில் அறிக்கை வரும்வரை தற்காலிகமாக.

பதினைந்தாம் அமர்வன்று ஓட்டுநரின் மனைவியும் கூட வந்திருந்தார். ஓட்டுநர் உள்ளே அளவுகோலை நிரப்பிக்கொண்டிருந்தபோது, அவர் மாடிப்படியில் நர்ஸ் அக்காவை நிறுத்தினார்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாங்கன்னு சொல்வாங்க. அது நீங்கதானா?"

"அக்கா, நான்..."

"மார்ச்சுல நல்லாத்தான இருந்தார்? வீட்டுல விசிலடிச்சாரு. பன்னிரண்டு வாரம் வந்தா பேப்பர் தருவாங்கன்னு சொன்னார். நானும் போயிட்டு வாங்கன்னு அனுப்பினேன். இப்ப நான் மத்தியானம் சாஞ்சு படுத்தா என்னை எழுப்புறார். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா. மூச்சு வருதான்னு பாக்குறார். நீங்க நர்ஸாமே. ஊசி போட்டவுடனே வலிச்சா, அது மருந்தா வெஷமான்னு பாக்க மாட்டீங்களா?"

"சரியாயிடும்க்கா. இன்னும் ஒண்ணு இருக்கு."

"ஒண்ணுல சரியாக்கிடுவீங்களா?"

நர்ஸ் அக்கா 'உம்' என்றார். பழக்கதோஷம். ஓட்டுநரின் மனைவி அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நர்ஸ் அக்கா நேராக மேற்பார்வையாளரிடம் போய்ப் பதினேழாம் அமர்வு கேட்டார்.

"பதினேழா?" மேற்பார்வையாளர் வருத்தத்தோடு சிரித்தார். "அப்படி ஒண்ணு கிடையாதும்மா. பதினாறுக்கு மேல போனா நோயாளி நம்மளையே நம்பிட்டு உக்காந்திருவார். அது பெரிய பாவம்."

"அவர் இப்பதான் மேடம் உண்மையிலேயே சீக்கா இருக்கார்."

"அதைத்தானே நானும் சொல்றேன். எவ்வளவு அழகா வெளியில வந்திருக்கு! நாலாவது செஷன்ல விட்டிருந்தா இதெல்லாம் உள்ளேயே இருந்திருக்கும்."

லாக்புக் பிரிவு எழுத்தரிடமும் கேட்டுப் பார்த்தார். எழுத்தர் நல்ல மனிதர். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "கட்டம் இருந்தா போட மாட்டேனாங்க? பதினாறோட அட்டை வந்துடுது பாருங்க."

ஜூன் மூன்றாம் தேதி பதினாறாம் அமர்வு நடந்தது. அது விடைபெறும் அமர்வு. மாணவர் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் நான்கும் அச்சடித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. முதல் வாக்கியம், 'நாம் சேர்ந்து கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பாருங்கள்.' நர்ஸ் அக்கா அதை வாசித்ததும் ஓட்டுநர் உண்மையிலேயே திரும்பி, காலியாக இருந்த பின்நாற்காலியைப் பார்த்தார். மற்ற மூன்று வாக்கியங்களும் வாசிக்கப்பட்டன.

"அடுத்த செவ்வாய் எத்தனை மணிக்கு சிஸ்டர்?" என்றார் ஓட்டுநர்.

"முடிஞ்சுதுண்ணே."

"எது?"

"சிகிச்சை."

அடுத்த நோயாளி கதவைத் தட்டிய பிறகுதான் ஓட்டுநர் எழுந்துகொண்டார்.

அவருக்குச் சான்றிதழும் ஆறு பக்க அறிக்கையும் கொடுக்கப்பட்டன. 'சிகிச்சை முழுமையாகவும் வெற்றிகரமாகவும் நிறைவுற்றது' என்று சான்றிதழில் இருந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் துயர அளவுகோலின் இறுதி எண் இருந்தது: ஐம்பத்திரண்டு. கீழே நர்ஸ் அக்காவின் கையெழுத்து.

ஜூன் இருபதாம் தேதி வாய்மொழித் தேர்வு. வெளித்தேர்வாளர் விமானத்தில் வந்திருந்தார். மூன்றிலிருந்து ஐம்பத்திரண்டுக்கு ஏறும் கோட்டைத் திரையில் போட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு பிடிவாதமா நல்லா இருந்த ஒரு நோயாளியை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வர்றது சாதாரண விஷயம் இல்ல," என்றார். "ஒரே ஒரு கேள்வி. அந்த நாலாவது செஷன்ல உங்களுக்கு என்ன ஆச்சு?"

"தப்பு பண்ணிட்டேன் சார்," என்றார் நர்ஸ் அக்கா.

"அதை ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதுக்கே அஞ்சு மார்க்."

முடிவுகள் இருபத்தேழாம் தேதி வந்தன. நர்ஸ் அக்கா தொண்ணூற்று மூன்று வாங்கி முதலிடம். உம்மணாமூஞ்சி இரண்டாம் இடம். அவருடைய நோயாளி பதினான்காம் வாரம் சொல்லாமல் ஊர்மாறிப் போய்விட்டதால், கடைசி இரண்டு கட்டங்களையும் மேற்பார்வையாளரே நோயாளியாக உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருந்தார். ஜூலை ஒன்றாம் தேதி நர்ஸ் அக்கா மருத்துவமனையின் தரைத்தளத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். முதுகுக்கு ஏற்ற நாற்காலி கொடுத்தார்கள்.

டிப்போ மேலாளர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, ஜூன் முப்பதாம் தேதி உத்தரவு போட்டார். ஓட்டுநர் இப்போது பேருந்துகளைக் கழுவும் பிரிவில் இருக்கிறார். அங்கே வண்டிகள் பயணிகளை இறக்கிவிட்டுக் காலியாகத்தான் வரும். குழாயைத் திறப்பதற்கு முன் அவர் ஒவ்வொரு வண்டியிலும் ஏறி எல்லா இருக்கைகளையும் பார்த்துவிட்டு இறங்குகிறார். இதனால் வண்டிக்கு எட்டு நிமிடம் தாமதமாகிறது என்று அந்தப் பிரிவின் பொறுப்பாளர் இரண்டு முறை எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார்.